முதல் தட்டு எங்கே விழ வேண்டும்?

போன மாசி மாதத்துப் பின்னேரம் ஒன்று. ஒஸ்லோவின் கிழக்கே குரூருட் பள்ளத்தாக்கில் பஸ்ஸுக்காகக் காத்து நின்றோம், நானும் என் மகளின் மகளும். அவளுக்கு ஆறு வயது. இந்த நாட்டில் 1997இலிருந்து ஆறு வயதிலேயே முதலாம் வகுப்பு. எழுத்துக் கூட்டத் தெரிந்துவிட்ட பிள்ளை கண்ணில் பட்ட எதையும் வாசிக்காமல் விடாது. தரிப்பிடத்துக் கண்ணாடியில் ஒட்டியிருந்த அறிவித்தலில் விரலை வைத்து வாசித்தாள்: "புஸ்... கூர்." பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். "அம்மப்பா, பஸ்ஸுக்கும் பேன் வந்திட்டுதா?"

அவள் என்ன கேட்கிறாள் என்பது பிடிபட எனக்குச் சற்று நேரம் எடுத்தது. நோர்வேஜிய மொழியில் 'கூர்' என்றால் சிகிச்சை. பிள்ளைகளின் தலையில் பேன் வந்தால் போடுகிற மருந்துக்கு 'லூசெகூர்' என்று பெயர். பாலர் பாடசாலைக்குப் போய்வந்த பிள்ளைக்கு அது நன்றாகத் தெரிந்த சொல். ஆனால் கண்ணாடியில் எழுதியிருந்த சொல்லில் இருந்தது கூர் இல்லை, 'ஸ்கூர்'. ஸ்கூர் என்றால் கொட்டில். புஸ்ஸும் ஸ்கூரும் சேர்ந்தால் நாங்கள் ஒதுங்கி நின்ற அந்தத் தரிப்புக் கொட்டில். புஸ் என்ற சொல்லின் முடிவில் எஸ் எழுத்து இரண்டு, ஸ்கூரின் தொடக்கத்தில் ஒன்று. ஒரே மெய்யெழுத்து மூன்று தரம் அடுத்தடுத்து நிற்பதை நோர்வேஜிய எழுத்துமுறை ஏற்காது, ஒன்றை வெட்டிவிடும். வெட்டிய பிறகு பொருத்து எங்கே இருக்கிறதென்று கண்ணுக்குத் தெரியாது.

நான் இதையெல்லாம் அவளுக்கு விளக்கவில்லை. "ரெண்டையும் ஒரே மாதிரிச் சொல்லாதை. முதலாவதை அடிச்சுச் சொல்லு, மற்றதை மெல்ல விடு" என்றேன். சொல்லிப் பார்த்தாள். முகம் மலர்ந்தது. "ஓ, புஸ்கூர்!" நூறு தரம் கேட்ட சொல். இரண்டு துண்டுக்கும் சம பாரம் கொடுத்தபோது தொலைந்த சொல், பாரத்தை முதல் துண்டில் ஏற்றியதும் திரும்பி வந்துவிட்டது.

அவளுடைய காதில் அந்தச் சொல் ஏற்கெனவே இருந்தது. காதில் இல்லாதவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நாற்பது வயதில் கணவரோடு சேர வந்தவர்கள், பிள்ளைகள் கூப்பிட்டு வந்த தாய் தகப்பன்மார், போன வருடம் வந்து இறங்கியவர்கள். முப்பது வருடத்துக்கு மேலாக ஆஸ்பத்திரிகளிலும் நீதிமன்றங்களிலும் உரைபெயர்ப்பாளனாக இருந்தவன் என்ற முறையில் ஒன்றைச் சொல்கிறேன். தமிழருக்கு இந்த மொழியைக் கற்பிக்கிற எவரும், அரச வகுப்பாக இருக்கட்டும், அம்மாவுக்கு வீட்டில் சொல்லிக் கொடுக்கிற மகனாக இருக்கட்டும், கூட்டுச்சொல்லின் அழுத்தம் எங்கே விழுகிறது என்பதை முதல் கிழமையிலேயே கற்பிக்க வேண்டும். இலக்கண அட்டவணைக்கு முன்னால். நான் பார்த்த வகுப்புகளில் அது கடைசியில் வருகிறது, அல்லது வருவதே இல்லை.

எனக்கு அதைக் கற்பித்தவர் ஆசிரியர் இல்லை. 1987இல் நம்மவர்கள் பலரைப் போல ஒரு மக்கள் உயர்பாடசாலைக்கு என்று வந்தேன். அந்தப் பாடசாலையின் பெயர்ச்சொல்லே மூன்று துண்டு: 'ஃபொல்கெ', 'ஹோக்', 'ஸ்கூலெ'. அதைச் சரியாகச் சொல்லத் தெரியாமலே ஒரு வருடம் படித்து முடித்தேன். பிறகு வடக்கே ஃபின்மார்க்கில், பாரெண்ட்ஸ் கடலோரத்து போட்ஸ்ஃபியூரில், மீன் தொழிற்சாலை வேலை. கொட் மீனை விலாத்துண்டாக வெட்டும் வரிசையில் எனக்குப் பக்கத்தில் நின்றவர் அறுபது வயதுப் பெண்மணி. ஒரு நாள் தேநீர் நேரத்தில் எங்கள் ஊர்ச் சாப்பாட்டைப் பற்றிக் கேட்டார். கருவாட்டைச் சொல்ல விரும்பினேன். அங்கேயும் கருவாடு இருக்கிறதே. உப்பில்லாமல் மரச்சட்டங்களில் கொழுவி, பனிக்காலக் கடைசியிலிருந்து வைகாசி வரை கடற்காற்றில் காயவிட்டு, இத்தாலிக்கும் நைஜீரியாவுக்கும் அனுப்புகிற 'தொர்ஃபிஸ்க்'. தொர் என்றால் காய்ந்தது, ஃபிஸ்க் என்றால் மீன். "அம்மா செய்யிற தொர் ஃபிஸ்க் எனக்கு நல்ல விருப்பம்" என்றேன், தமிழ்க்காரன் சொல்வதுபோல இரண்டு சொல்லுக்கும் ஒரே பாரம் கொடுத்து.

அவர் என்னை இரக்கத்தோடு பார்த்தார். இரண்டு அழுத்தத்தோடு சொன்னால் அது கருவாடு இல்லை. ஈரம் வற்றி வறண்டுபோன மீன், அடுப்பில் நேரம் கூடி வைத்த மீன். பாவம், இந்தப் பெடியனின் அம்மாவுக்குச் சமைக்கத் தெரியாது என்று அவர் நினைத்திருக்கிறார். நான் கையைக் காட்டி, வெயிலைக் காட்டி, கொடியில் கொழுவுவதைக் காட்டிய பிறகுதான் விளங்கியது. பிறகு கத்தியின் பிடியால் எஃகு மேசையில் இரண்டு தரம் தட்டினார். முதலாவது 'டங்' என்று, இரண்டாவது கேட்டும் கேளாததுமாக. "தொர்ஃபிஸ்க்" என்றார். என்னையும் தட்டச் சொன்னார். அன்று மாலை வேலை முடியும்வரை, தெரிந்த சொற்களையெல்லாம் ஒவ்வொன்றாகக் கேட்டுக் கேட்டு அந்த மேசையில் தட்டிக்கொண்டிருந்தேன்.

சங்கதி இவ்வளவுதான். இரண்டு சொல் பக்கத்தில் பக்கத்தில் நின்றால் இரண்டுக்கும் தனித்தனி அழுத்தம். இரண்டும் ஒரு சொல்லாகிவிட்டால் முதல் சொல் பாரத்தை எடுத்துக்கொள்ளும், இரண்டாவது சொல் தன் நீளத்தைக் கொஞ்சம் வைத்துக்கொண்டு அடங்கிவிடும். சங்கீதம் படித்த பிள்ளைகளுக்குத் தட்டும் வீச்சும் என்று சொன்னால் உடனே பிடித்துக்கொள்கிறார்கள். 'நொஷ்க் லேரர்' என்று இரண்டு தட்டு விழுந்தால் நோர்வே நாட்டைச் சேர்ந்த ஓர் ஆசிரியர். அவர் கணக்கும் படிப்பிக்கலாம். ஒரு தட்டும் ஒரு வீச்சுமாக 'நொஷ்க்லேரர்' என்றால் நோர்வேஜிய மொழி படிப்பிக்கிறவர். அவர் யாழ்ப்பாணத்தவராகவும் இருக்கலாம்.

முதல் சொல் என்றேனே தவிர முதல் அசை என்று சொல்லவில்லை. இதில் பலர் தவறுகிறார்கள். முதல் சொல்லுக்கு அழுத்தம் எந்த அசையில் இருந்ததோ அங்கேயே நிற்கும். 'பனான்' என்ற வாழைப்பழத்துக்கு இரண்டாவது அசையில் அழுத்தம். தோலோடு சேர்ந்து 'பனான்ஸ்கல்' ஆனாலும் அந்த 'னா'விலேயே அது இருக்கும். ஒஸ்லோவில் நம்மவர்கள் அடிக்கடி போகிற பல்கலைக்கழக மருத்துவமனைக்கு 'உனிவெர்சிதேத்ஸ்ஸீக்கெஹூஸ்' என்று பெயர். எட்டு அசை. பாரம் முழுவதும் ஐந்தாவது அசையான 'தேத்'தில். முதல் நாலையும் ஓடிக் கடந்து, அதில் ஊன்றி, மிச்சத்தை இறக்கிவிட வேண்டும். எட்டையும் சமமாகச் சொன்னால் கேட்கிறவர் எங்கே பிடிப்பது என்று தெரியாமல் நிற்பார். விலக்குகளும் உண்டு. 1994இல் குளிர்கால ஒலிம்பிக் நடந்த லில்லெஹம்மரில் பாரம் 'ஹம்'மில். தெற்கேயுள்ள கிறிஸ்தியான்சான் நகரத்தில் கடைசி 'சான்'இல். ஊர்ப்பெயர்கள் அவரவர் ஊரின் விருப்பம். அவற்றைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

தமிழ்க் காதுக்கு இது ஏன் கஷ்டம் என்று பல வருடம் யோசித்திருக்கிறேன். தமிழில் அழுத்தத்தை இடம் மாற்றி வைத்தால் சொல்லின் பொருள் மாறுவதில்லை. எங்களுக்குப் பொருளை மாற்றுவது குறிலும் நெடிலும், ஒற்றும் இரட்டிப்பும். பல்லும் பாலும் வேறு, படுவும் பட்டுவும் வேறு. அதனால் வேறு நாட்டவர் திணறுகிற இடத்தில் நாங்கள் திணறுவதில்லை. 'தாக்' என்றால் கூரை, 'தக்க்' என்றால் நன்றி. இந்த வேறுபாடு நம்மவருக்கு ஒரே நாளில் வந்துவிடும். இன்னொரு கொடையும் நமக்கு இருக்கிறது. கிழக்கு நோர்வேயிலும் வடக்கிலும் 'ர்' என்ற ஒலிக்குப் பின்னால் த, ந வந்தால் இரண்டும் உருகி நம்முடைய ட ஆகவும் ண ஆகவும் மாறிவிடும். பிள்ளை என்பதற்கான சொல் காதில் அப்படியே 'பாண்' என்று விழும். நாங்கள் காலையில் சம்பலோடு சாப்பிடுகிற அதே பாண். இந்த ணகரத்துக்காக மற்ற நாட்டவர்கள் நாக்கை மடித்து மடித்துப் பழக வேண்டியிருக்கிறது. நாங்கள் பிறந்ததிலிருந்து மடித்துக்கொண்டிருக்கிறோம்.

இவ்வளவு நல்ல காதை வைத்துக்கொண்டு நாங்கள் சறுக்குவது அழுத்தத்தில். நம் வீடுகளில் மொழி படிக்கிறவர்களின் கொப்பியைத் திறந்து பார்த்தால் நோர்வேஜியச் சொற்கள் தமிழ் எழுத்தில் வரிசையாக இருக்கும். தமிழ் எழுத்து குறில் நெடிலைக் காட்டும், இரட்டிப்பைக் காட்டும், ணகரத்தைக் காட்டும். அழுத்தத்தைக் காட்டாது. ஏனென்றால் அதற்குத் தேவை இருந்ததில்லை. ஆகவே படிக்கிறவர் எல்லா அசையையும் ஒரே உயரத்தில் அடுக்கிச் சொல்கிறார், எழுதியிருப்பது அப்படித்தானே. என்னுடைய சனிக்கிழமை வகுப்பில் நான் செய்வது ஒன்றுதான். சிவப்புப் பேனையால் அழுத்தம் விழும் அசையின் தலையில் ஒரு கோடு. பொருத்தில் ஒரு சிறு புள்ளி. 'பாணெ' புள்ளி 'ஹாகெ'. பிள்ளைகளின் தோட்டம், அதாவது பாலர் பாடசாலை. கோடு 'பா'வின் மேல். இந்த இரண்டு குறியும் இல்லாமல் ஒரு சொல்லைக் கொப்பியில் ஏற்ற விடமாட்டேன்.

பாலர் பாடசாலைகளில் பிள்ளைகளுக்குக் கைதட்டி அசை பிரிக்கப் பழக்குகிறார்கள். பா, ணெ, ஹா, கெ என்று நாலு தட்டு. 'பனிமனிதனில் பனியை எடுத்தால் மிச்சம் என்ன' என்றும் கேட்பார்கள். பேத்தி இதில் கெட்டி. வாசிக்கத் தொடங்கும் பிள்ளைக்கு இது நல்ல பயிற்சி, ஏனென்றால் பாரம் எங்கே என்பது அவளுக்கு முன்பே தெரியும். தட்டும்போது துண்டு துண்டாகப் பார்க்கிறாள், அவ்வளவுதான். இதே பயிற்சியை ஐம்பது வயதுத் தமிழ்ப் பெண்ணுக்குக் கொடுப்பதை நான் எதிர்க்கிறேன். அவரிடம் ஏற்கெனவே இருக்கிற சமபாரத்தை அது இன்னும் இறுக்கிவிடும். அவருக்கு நாலு தட்டு வேண்டாம். ஒரு பெரிய தட்டும் ஒரு வீச்சும் போதும்.

எழுத்துக்கு வருகிறேன். கூட்டுச்சொல்லை இரண்டாகப் பிரித்து எழுதுவதை நோர்வேயில் பெருங்குற்றமாகப் பார்ப்பவர்கள் உண்டு. எடுத்துக்காட்டுகள் இங்கே எல்லோருக்கும் தெரிந்தவை. 'ரொய்க்ஃப்ரித்' என்று சேர்த்து எழுதினால் புகைத்தல் இல்லாத இடம். பிரித்து எழுதினால் தாராளமாகப் புகையுங்கள். 'லம்மெலோர்' ஆட்டுத் தொடை. பிரித்தால் முடங்கிப்போன தொடைகள். ஆஸ்பத்திரியில் 'ஸீக்கெப்லெய்யெரெ' என்றால் தாதிமார். நடுவில் ஓர் இடைவெளி விழுந்தால் நோயுற்ற பராமரிப்பாளர்கள். நோர்வேஜியர்களே இந்தப் பிழையை விடுகிறார்கள், கடைப் பலகைகளில் தாராளமாகக் காணலாம். ஆங்கிலத்தின் பாதிப்பு என்பார்கள் சிலர். தனக்குத் தெரியாத கூட்டுச்சொல்லின் கீழே கணினி சிவப்புக் கோடு போடுவதால் பயந்து பிரிக்கிறார்கள் என்பார்கள் வேறு சிலர். இரண்டிலும் உண்மை இருக்கலாம். ஆனால் அவர்கள் எழுத்தில் பிரித்தாலும் வாயில் ஒருபோதும் பிரிப்பதில்லை. 'எப்படிச் சொல்கிறாயோ அப்படி எழுது, ஒரே அழுத்தத்தில் வந்தால் ஒரே சொல்' என்று ஒரு வரியில் அவர்களைத் திருத்திவிடலாம். நம்மவருக்கு அந்த வரி உதவாது. வாயிலேயே இரண்டாக இருக்கிறதே.

சில வருடங்களுக்கு முன்பு எனக்குத் தெரிந்த ஒருவர் முதியோர் இல்லம் ஒன்றில் வேலைக்கு விண்ணப்பித்தார். ஊரில் தாதியாக இருந்தவர், கை சுத்தம், மனசு சுத்தம். உதவிப் பராமரிப்பாளர் என்பதற்கான 'யெல்பெப்லெய்யெர்' என்ற சொல்லைக் கடிதம் முழுவதும் இரண்டாக வெட்டி எழுதியிருந்தார். நேர்முகத்துக்குக் கூப்பிடவில்லை. கேட்டபோது, மொழி போதாது என்று பதில் வந்தது. அந்தக் கடிதத்தை நான் வரி வரியாக வாசித்தேன். வினைச்சொற்கள் சரி, காலம் சரி, சொல் ஒழுங்கு சரி. வெட்டிய சொற்கள் மட்டும் பதினொன்று. அவர் அலட்சியமாக எழுதவில்லை. மூன்று வருடம் வகுப்புக்குப் போன அவருக்கு அந்தச் சொல்லின் ஓசையை யாரும் கொடுக்கவில்லை. இதை நினைக்கும்போது இன்றைக்கும் எனக்கு ஆற்றாமை வருகிறது.

வரி முடிவில் சொல்லைப் பிரிக்கும்போது இந்த மொழி தன் பொருத்தைத் தானே காட்டிக் கொடுக்கும். எனக்கு மிகவும் பிடித்த விதி அது. மே 17 தேசிய நாளில் தெருவெங்கும் வாசித்துக்கொண்டு போகிற வாத்தியக் குழுவுக்கு 'முசிக்கொர்ப்ஸ்' என்று பெயர். முசிக்கின் முடிவில் இரண்டு கே, கொர்ப்ஸின் தொடக்கத்தில் ஒன்று. மூன்றில் ஒன்றை வெட்டி, இரண்டோடு எழுதுவார்கள். ஆனால் அந்தச் சொல் வரியின் முடிவில் உடைய வேண்டி வந்தால் வெட்டிய கே திரும்பி வந்துவிடும். முதல் வரியில் இரண்டு கேயோடு முசிக், அடுத்த வரியில் தன் சொந்தக் கேயோடு கொர்ப்ஸ். இரண்டு சொல்லும் தத்தம் உறுப்போடு நிற்கும். பொருத்தில் பிரிக்காமல் கணினியின் போக்கில் பிரித்தால் என்ன ஆகும் என்பதற்குக் கார் உதிரிப்பாகம் நல்ல சாட்சி. 'பீல்' கார், 'தேலெர்' பாகங்கள். அதைத் தவறான இடத்தில் உடைத்தால் முதல் வரியில் 'பில்தெ' என்று நிற்கும். அது படம் என்ற வேறு சொல். கார்க் கடைக்குப் போகவேண்டியவர் படக்கடை வாசலில் நிற்பார்.

பொருத்தைக் காட்டும் இன்னொரு அடையாளம் நடுவில் வந்து நிற்கும் ஓர் எஸ். இரத்தப் பரிசோதனைக்கு 'ப்லூப்ரோவெ'; இரண்டே சொல், நடுவில் ஒன்றுமில்லை. இரத்த அழுத்த மருந்துக்கு 'ப்லூத்ரிக்ஸ்மெதிசீன்'. இதில் 'ப்லூத்ரிக்' என்ற இரத்த அழுத்தமே ஒரு கூட்டுச்சொல். ஏற்கெனவே சேர்ந்த ஒன்றோடு இன்னொன்று சேரும்போது, பெரிய பொருத்து இதுதான் என்று காட்ட இடையில் பெரும்பாலும் ஓர் எஸ் வரும். தனியே நின்றால் கடைசி அசையில் அழுத்தம் வாங்குகிற 'மெதிசீன்', இங்கே பாரத்தை 'ப்லூ'விடம் கொடுத்துவிட்டு அடங்கிவிடுகிறது.

இசைபோல ஏறி இறங்கும் இரண்டு தொனிகளைப் பற்றிக் கேட்பார்கள். உண்மைதான், இந்த மொழியில் ஒரே மாதிரி ஒலிக்கும் 'பொன்னெர்' ஒரு தொனியில் விவசாயிகள், மற்றத் தொனியில் அவரை விதைகள். அழகான விஷயம், நானும் ரசித்துக் கேட்பேன். ஆனால் அதைப் படிப்பிக்கச் செலவிடும் நேரத்தை முதலில் அழுத்தத்துக்குக் கொடுங்கள் என்பேன். ஒஸ்லோவில் ஒரு மாதிரி இருக்கும் தொனி மேற்குக் கரையில் வேறு மாதிரி. ஃபின்மார்க்கின் சில பகுதிகளிலும் பேர்கனுக்கு வடக்கே சில இடங்களிலும் இந்த இரு தொனி வேறுபாடே கிடையாது. அங்கே பிறந்தவர்களை யாரும் மொழி தெரியாதவர்கள் என்று சொல்வதில்லை. கூட்டுச்சொல்லின் பாரமோ நாடு முழுவதற்கும் பொது. இந்த நாட்டில் பேச்சுக்கென்று சட்டம் போட்ட ஒரு தரவழக்கு இல்லை, அவரவர் வட்டார வழக்கைப் பாராளுமன்றத்திலும் பேசலாம். அப்படிப்பட்ட நாட்டில் எங்கே போனாலும் செல்லுபடியாகிற காசு எதுவோ அதைத்தானே புதிதாக வந்தவரின் கையில் முதலில் கொடுக்க வேண்டும்?

2022 ஒக்டோபரிலிருந்து குடியுரிமைக்கு வாய்மொழித் தேர்வில் கூடிய படியை எட்ட வேண்டும் என்று ஆக்கிவிட்டார்கள். ஏ2 போதும் என்றிருந்தது பி1 ஆகிவிட்டது. பேச்சைக் கொண்டு ஆளை நிறுப்பதென்றால் பேச்சைக் கற்பிக்கும் கடமையும் அரசுக்கு உண்டு. பாடப்புத்தகங்களின் சொற்பட்டியலில் ஒவ்வொரு கூட்டுச்சொல்லின் மேலும் அழுத்தக் குறி வேண்டும். ஆசிரியர் பயிற்சியில் இதற்கு மணிநேரம் வேண்டும். நம்முடைய சங்கங்களுக்கும் ஒன்று சொல்ல இருக்கிறது. ஆண்டு விழா மேடைக்குச் செலவழிக்கும் உழைப்பில் சிறு பங்கைப் பெரியவர்களின் பேச்சுப் பயிற்சிக்குத் தாருங்கள். பிள்ளைகளை உரைபெயர்ப்பாளராக வைத்து வைத்தியரிடம் போன காலம் முடிந்துவிட்டது. சட்டமும் அதை அனுமதிப்பதில்லை, அனுமதித்தாலும் அது பிள்ளைக்குச் செய்யும் கொடுமை.

என் சனிக்கிழமை வகுப்புக்கு வருகிற அம்மா ஒருவர் சென்ற மாதம் தன் வைத்தியரிடம் போகும்போது துணைக்கு என்னையும் கூப்பிட்டார். அவருடைய அனுமதியோடு இதை எழுதுகிறேன். அறுபத்தொரு வயது. உரைபெயர்க்க அன்று வேறொருவர் தொலைபேசியில் வர இருந்தார். இணைப்பு இன்னும் கிடைக்கவில்லை. நான் சுவரோரக் கதிரையில் இருந்தேன். வைத்தியர், என்ன வேணும் என்பதுபோல அவரைப் பார்த்தார். அம்மா வலது கையின் சுட்டுவிரலை மேசை விளிம்பில் வைத்தார். ஒரு தரம் பலமாகத் தட்டி, பிறகு விரலை இலேசாக இழுத்து, "ப்லூத்ரிக்ஸ்மெதிசீன்" என்றார். வைத்தியர் கணினிப் பக்கம் திரும்பி, எத்தனை நாளைக்குக் குளிசை மிச்சம் இருக்கிறது என்று அவரிடமே கேட்டார்.